அறுபத்து நான்கு மூச்சு

சின்னக் குழந்தைகளின் மூக்கில் பஞ்சுக் குச்சியை விட்டுச் சளி எடுப்பது அம்சவள்ளியின் வேலை. கல்வராயன் மலையில் பனிக்காலத்தில் குழந்தைகளுக்கு வரும் காய்ச்சலுக்கு எந்தெந்த வைரஸ் காரணம் என்று அறிய ஓர் ஆய்வு நடந்தது. வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஏழு ஊர்கள் அவள் பொறுப்பு. எடுத்த சளியை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கள்ளக்குறிச்சி ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும்.

எலவனாசூர்கோட்டையில் கரும்பு வெட்டும் கூலிக்காரர்களின் மகள் அவள். அந்தத் தெருவில் லேப் டெக்னீசியன் படிப்பு முடித்த முதல் ஆள். மலையிலிருந்து வரும் மாதிரிகளில் பாதி வழியிலேயே கெட்டுப்போகும் என்று ஆய்வுக் குழுவில் பலர் சொன்னார்கள்.

முதல் வாரம் தாய்மார்கள் விரட்டினார்கள். "பச்சப் புள்ள மூக்குல குச்சி வுடுறதா? இன்னா வேல இது?"

அம்சவள்ளி ஒரு புதுக் குச்சியைப் பிரித்துத் தன் மூக்கிலேயே விட்டுக் காட்டினாள். கண் கலங்கி, பெரிதாக ஒரு தும்மல் போட்டாள். பெண்கள் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு ஐந்து குழந்தைகளுக்கு எடுத்தாள்.

மார்கழி நடுவில் ஒரு காலை, ராதிகா என்ற பெண்ணின் வீட்டுக்குப் போனாள். ராதிகாவின் மகள் தமிழ்மொழிக்கு ஐந்து மாதம்.

"ஃப்ளூ ஜொரந்தாங்க. எல்லாப் புள்ளைக்கும் வந்துக்கினு இருக்குது," என்றாள் ராதிகா.

"பால் குடிக்குதா?"

"நேத்துலருந்து கம்மிங்க. ரெண்டு வாய் உறிஞ்சிட்டு வுட்டுருது."

மாதிரி எடுத்த கையோடு அம்சவள்ளி குழந்தையின் சட்டையை விலக்கினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. செல்போனில் நேரம் வைத்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ணினாள். அறுபத்து நான்கு. அந்த வயதுக்கு ஐம்பதைத் தொட்டாலே அதிகம்.

"இப்பவே கீழ ஆஸ்பத்திரிக்குப் போவணுங்க."

"அவரு மரவள்ளி புடுங்கப் போயிருக்காரு. வந்ததும் கேட்டுக்கினு போறேனே?"

"அவ்ளோ நேரம் தாங்காதுங்க. அவருக்கு நான் போன் பண்றேன். நீங்க புள்ளயத் தூக்குங்க."

அவளுடைய வேலை சளி எடுப்பதோடு முடிந்திருந்தது. ஆனாலும் வழியில் வந்த ஒரு ஜீப்பை நிறுத்தி, தானும் ஏறினாள். மலையிறக்கத்தில் சிக்னல் கிடைத்த இடத்தில் கள்ளக்குறிச்சி மருத்துவமனையை அழைத்தாள்: "அஞ்சு மாசக் குழந்தைங்க. மூச்சு அறுபத்து நாலு. நெஞ்சு உள்ள இழுக்குது. பால் குடிக்கல."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆக்ஸிஜன் தயாராக இருந்தது.

இரண்டு நாளில் மாதிரியின் முடிவு வந்தது. குழந்தைகள் வார்டு டாக்டர் விஜயலட்சுமி ராதிகாவை உட்கார வைத்துச் சொன்னார்: "இது ஃப்ளூ இல்லம்மா. ஆர்.எஸ்.வி.ன்னு வேற வைரஸ். நமக்கு வந்தா சாதாரணச் சளியோட போயிரும். கைக்குழந்தைக்கு நுரையீரல்ல இருக்கற சின்னச் சின்னக் குழாயெல்லாம் வீங்கி அடச்சிக்கும். ஆன்டிபயாடிக் இதுக்கு வேலை செய்யாது. மூச்சுக்கு ஆக்ஸிஜன் குடுத்து, பால் குடுத்துப் பாத்துக்கணும். நல்லவேளை, நேரத்தோட வந்தீங்க."

ஆறாம் நாள் தமிழ்மொழி தாயிடம் வயிறு முட்டப் பால் குடித்து வீடு திரும்பினாள்.

தை மாதக் கடைசியில் ஆய்வுக் கூட்டம். அம்சவள்ளி எடுத்த நூற்று எண்பத்தாறு மாதிரிகளில் ஒன்றுகூடக் கெடவில்லை. ஃப்ளூ இருந்தது இருபத்தொன்பதில், ஆர்.எஸ்.வி. எழுபத்தொன்றில். எல்லாரும் ஃப்ளூ என்று நினைத்திருந்த காய்ச்சலில் பெரும்பங்கு ஃப்ளூவே இல்லை.

"எப்படிம்மா ஒண்ணுகூடக் கெடல?" என்று ஒரு டாக்டர் எழுந்து கேட்டார்.

"மொதல்ல பஸ்ஸு கெளம்பற நேரத்த விசாரிச்சுக்குவேங்க. அப்புறந்தான் சளி எடுப்பேன்."

கைதட்டல் அடங்குமுன் அவளே தொடர்ந்தாள். "இன்னொண்ணு சொல்லணுங்க. வைரஸ் பேரு தெரிய ரெண்டு நாள் ஆவுது. மூச்ச எண்ண ஒரு நிமிஷம் போதும். அத மலையில இருக்கற எல்லா அம்மாங்களுக்கும் சொல்லித் தரணும். நான் சொல்லித் தர்றேன்."

சொன்னபடியே செய்தாள். அடுத்த பனிக்காலத்தில் அந்த ஏழு ஊர்களிலிருந்து பதினொரு கைக்குழந்தைகளை அவரவர் தாய்மாரே மூச்சை எண்ணிப் பார்த்துக் கீழே கொண்டுவந்தார்கள். பதினொன்றும் குணமாகி நல்லபடியாக மலைக்குத் திரும்பின.