டார்லாவின் டேங்கும் ஒற்றை பூட்ஸும்

நெப்ராஸ்காவில் பள்ளிப் பேருந்து ஓட்டும் டார்லா, தன் கிழட்டு பிக்கப் வண்டிக்கு இரண்டு முறை பெட்ரோல் டேங்க் மாட்டினாள். இரண்டும் விரிசல் விட்டன. போல்ட்டை அவள் இறுக்கிய இறுக்கில், சரளைச் சாலையில் வண்டியின் அடிச்சட்டம் நெளிந்ததும் டேங்கின் தகரம் பிளந்துகொண்டது. நாளை ஊர்த் திருவிழா ஊர்வலத்தில் அந்த வண்டிதான் முதலில் போகவேண்டும். மூன்றாம் முறை, டேங்கைத் தாங்கும் இரும்புப் பட்டைக்கு அடியில் மெத்தென்று ரப்பர் வைத்து, அளவாகவே முறுக்கினாள்.

"அடியே, என் ரப்பர் பூட்ஸ் ஒண்ணக் காணோம்!" கணவன் வெர்லின் ஒற்றை பூட்ஸோடு நொண்டி வந்தான்.

"வண்டில ஏறுங்க, காட்டுறேன்."

ஆறு மைல் குலுங்கியும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. வெர்லின் இறங்கி, டேங்குக்கு அடியில் குனிந்து பார்த்தான். பட்டைக்கும் டேங்குக்கும் நடுவே அவன் பூட்ஸ் துண்டு துண்டாக இருந்தது. டார்லாவை முறைத்தான். பிறகு காலில் இருந்ததையும் கழற்றி நீட்டினான்.

"இதையும் வெச்சுக்க. நாளைக்கு நடு ரோட்டுல ஒழுகினா, ஊரு என்னைப் பாத்துத்தான்டி சிரிக்கும்."