டிவி சத்தத்தைக் குறைத்தவள்

போன ஐப்பசி பௌர்ணமிக்கு அடுத்த வாரம், வேங்கிக்காலில் நான் குடியிருக்கும் லைன் வீட்டில் நடந்தது இது. கிரிவலக் கூட்டம் வந்துபோனால் திருவண்ணாமலைக்கே சளி பிடிக்கும். எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் வந்தது. புருஷனும் மகளும் தேறிவிட்டார்கள். எனக்குக் காய்ச்சல் விட்டது, மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டே இருந்தது.

என் நுரையீரல் முன்பே கெட்டுப்போனது. ஆசிரமம் பக்கம் ஒரு லாட்ஜில் கக்கூஸ் கழுவிக்கொண்டிருந்தேன். பௌர்ணமி அன்று ஒரு ஆள் கிளம்புவதற்குள் அடுத்த ஆள் வாசலில் நிற்பான். கறை உடனே போகட்டும் என்று பிளீச்சிங் பவுடர் மேலேயே ஆசிட்டை ஊற்றுவோம். எல்லோரும் செய்வதுதான். ஒருநாள் அந்தப் புகையில் பாத்ரூமுக்குள்ளேயே சுருண்டு விழுந்தேன்.

"யார் கேட்டாலும் ஆஸ்துமானு சொல்லும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார் லாட்ஜ்காரர். அப்படியே சொல்லி வந்தேன். அவர் வேலையை விட்டு நிறுத்தியதுதான் மிச்சம்.

என் வேலைக்கு வந்தவளே பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தாள். புகையைப் பற்றி வெளியே சொல்கிறேனா என்று வேவு பார்க்க லாட்ஜ்காரர் அனுப்பிய ஆள் என்றே நினைத்தேன். நான் இருமினால் போதும், அவள் வீட்டில் டிவி சத்தம் குறையும்.

அன்று மத்தியானம் கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்து நின்றாள்.

"இன்னாக்கா, பேசவே மூச்சு பத்தல உனக்கு."

"போய்ச் சொல்லு, உன் முதலாளிகிட்ட" என்றேன். அதைச் சொல்வதற்குள் இரண்டு இடத்தில் மூச்சு வாங்க நிறுத்திவிட்டேன்.

"ஆட்டோல உக்காந்துகினு திட்டு, வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

ஆஸ்பத்திரியில் விரலில் கருவியை மாட்டிப் பார்த்ததும் ஆக்சிஜன் வைத்தார்கள். சாதாரண வைரஸ் சளி இவ்வளவு தூரம் போகாதே, முன்பு என்ன இருந்தது என்று டாக்டர் கேட்டார். ஆஸ்துமா என்றேன்.

"இந்தக்கா பொய் சொல்லுது சார். ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்த புகை. நானும் அங்கதான் வேலை செய்யறேன். எனக்கும் இருமல்தான்" என்றாள்.

புகையில் வெந்த நுரையீரலுக்குச் சளியே எமனாகும், பிடித்த அன்றே வந்திருக்க வேண்டாமா என்று டாக்டர் கத்தினார். அவளுக்கும் எக்ஸ்ரே எழுதினார்.

பேச்சு வந்ததும் முதலில் அவளிடம் கேட்டேன், டிவியை ஏன் குறைத்தாய் என்று.

"உனக்கு எப்பிடிப் போவுதோ, அப்பிடித்தான எனக்கும் போவும். அதான் உன் இருமல கேட்டுகினு இருந்தேன்."

இப்போது அவள் இரண்டையும் சேர்த்து ஊற்றுவதில்லை. ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்ட நான், அவன் சொல்லச் சொன்ன ஆஸ்துமாப் பொய் என் உயிரையே வாங்கும் என்று மட்டும் ஒருநாளும் சந்தேகப்படவில்லையே என்ற ஆத்திரம் ஆறவில்லை. பக்கத்து வீட்டில் இருமல் கேட்டால் இன்று நான் டிவி சத்தத்தைக் குறைக்கிறேன்.