அரிக்காத இடம்

எனக்கு எட்டு வயதில் அம்மாள் வந்தது, அதாவது கொப்பளிப்பான் என்கிற சின்னம்மை போட்டது. கோப்பாயில் எங்கள் வீட்டு வாசல் படலையில் வேப்பிலை கட்டியாயிற்று. பள்ளிக்கூடம் இல்லை, மீன் இல்லை, மருந்தும் இல்லை. அம்மாள் இறங்கித் தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்பது அப்பாவின் தமக்கை, எங்கள் மாமி, போட்ட சட்டம். அம்மாள் தெய்வத்தைவிட மாமிக்குத்தான் வீட்டில் எல்லோரும் பயந்தார்கள்.

உடம்பெல்லாம் ஒரே அரிப்பு. அம்மா பக்கத்தில் இருந்து வேப்பங்குழையால் தடவிவிடுவார். ஒருநாள் தொடையிலிருந்த வெளிறிய தேமலில் குழை பட்டதைக் கண்டு, "அதிலை தடவத் தேவையில்லை அம்மா, அதிலை ஒண்டும் தெரியிறேல்லை" என்றேன். அம்மாவின் கை அப்படியே நின்றது. தேமல்தானே என்று அதுவரை தேசிக்காய்ச் சாறு தேய்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

"கண்ணை மூடு. நான் தொடேக்கை சொல்லு."

நெடுநேரம் மூடியிருந்தேன். ஒன்றும் படவில்லை. கண்ணைத் திறந்தால், அம்மாவின் விரல் தேமலின் மேலேயே இருந்தது. ஐயோ, அப்போது அவர் முகம் இருந்த இருப்பு! அம்மாளுக்கு என்னில் ஏதோ கோபம் என்று நடுங்கிப்போனேன். அதன்பின் அம்மா நினைத்த நேரமெல்லாம் வந்து கண்ணை மூடச் சொன்னார். அந்த முகத்தைத் திரும்பப் பார்க்கப் பயந்து, ஒருநாள் முந்திக்கொண்டு, "ஓம், தெரியுது!" என்றேன்.

"நான் இன்னும் தொடேல்லையடி" என்று அம்மா விம்மி அழத் தொடங்கினார்.

மறுநாள் காலையில் வாசலில் ஓட்டோ வந்து நின்றது.

"தண்ணி வார்க்காமல் பிள்ளையைப் படலை தாண்ட விடுறியோ? அம்மாள் சும்மா விடமாட்டா!" என்று மாமி கத்தினார்.

"என்னைப் பிடிக்கட்டும், மச்சாள்" என்று சொல்லி அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். பொய் சொன்னதற்கு ஊசி போடத்தான் கொண்டுபோகிறார் என்று நான் வழியெல்லாம் குழறி அழுதேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டரும் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டார். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தேன்.

"உள்ளதைச் சொல்லு குஞ்சு, ஏசமாட்டன்" என்றார் அம்மா.

"தெரியேல்லை."

"கொப்பளிப்பான் தானாய் மாறும். தொடையிலை இருக்கிறது வேறை. தொழுநோய்" என்றார் டொக்டர். "வேளைக்குக் கொண்டுவந்திட்டியள். குளிசை விழுங்கினால் முழுசாய்ச் சுகமாகும்."

"பிள்ளையை என்னட்டையிருந்து பிரிச்சு எங்கையும் வைப்பியளோ?" என்று கேட்டார் அம்மா.

"ஏனம்மா? வீட்டிலை, உங்களோடைதான் இருப்பா."

அம்மா என்னை இழுத்து அணைத்து, கொப்புளங்கள் காய்ந்தும் காயாமலும் இருந்த என் நெற்றியில் முத்தமிட்டார். உண்மையைச் சொன்னதற்குத்தான் அந்த முத்தம் என்று கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.