மாமாவுக்கு நான் கோல்ஃப் சொல்லிக்கொடுத்தது

எங்கள் சொந்தபந்தத்தில் கோல்ஃப் பயிற்சியாளராக வேலை பார்த்த ஒரே ஆள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சம்பளம் வாரத்துக்கு ஒரு தேங்காய் பன். மாணவரும் ஒரே ஒருவர்தான், என் தாய்மாமா.

மாமா ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பாலக்கோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஞாயிறு முழுக்க அக்கா கையால் களியும் கோழிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டு மறுநாள் முதல் பஸ்ஸுக்குத் திரும்புவார்.

அந்த வருடம் கம்பெனிக்கு ஜப்பானிலிருந்து புது மேனேஜர் வந்தார். மாமாவின் பிரிவிலிருந்து ஒருவரை மட்டும் ஆறு மாதப் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்பப் போகிறார்கள், ஆளைத் தேர்ந்தெடுப்பது அந்த மேனேஜர்தான் என்று பேச்சு அடிபட்டது. போய்விட்டு வந்தால் பதவி உயர்வு நிச்சயம். போட்டியில் இருந்தது இரண்டு பேர். ஒருவர் மாமா, இன்னொருவர் பெங்களூர்க்காரர். ஒருநாள் மீட்டிங் முடிந்து, உங்களில் யாருக்குக் கோல்ஃப் ஆடத் தெரியும் என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். பெங்களூர்க்காரர் கை தூக்கினார். அவர் தூக்கியதைப் பார்த்து மாமாவும் தூக்கிவிட்டார். அதுவரை அவர் ஆடியது கபடியும் கேரமும்தான். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். ஐந்து வாரம் கழித்து பெங்களூரில் எல்லோரும் சேர்ந்து ஆடலாம் என்று நாள் குறித்துவிட்டார்.

"கை தூக்கறப்ப புத்தி எங்கடா போச்சு?" என்றாள் அம்மா.

"அவன் தூக்குனானே அக்கா! நான் சும்மா குந்திருந்தா ஜப்பானுக்கு அவன்தான் போவான்."

அம்மாவுக்கு இந்த நியாயம் உடனே புரிந்துவிட்டது. தம்பி ஜப்பானிலிருந்து வந்து இறங்குவதை அவள் அந்த நிமிடமே பார்க்க ஆரம்பித்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

மாமா பெங்களூரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் போய் விசாரித்தார். முழு செட் என்றால் பதினாலு மட்டையாம். அந்த விலைக்கு எங்கள் ஊரில் கன்றோடு ஒரு கறவை மாடே வாங்கலாம். கடைக்காரர் நல்ல மனிதர். புதிதாகப் பழகுகிறவருக்குப் பதினாலும் எதற்கு, ஐந்தாறு போதும், பழசு கிடைத்தால் பழசே வாங்குங்கள், மிச்சப்படும் பணத்தில் ஒழுங்காக ஒருவரிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். மாமா அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஒரு தெருவோரச் சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவே கிழிந்த பை ஒன்றில் ஆறு மட்டைகள் கிடந்தன. மாமா பாதி விலைக்குக் கேட்டார். விற்றவர் மறுபேச்சு பேசாமல் கொடுத்ததோடு, பையும் இரண்டு பந்தும் சும்மா எடுத்துக்கொள்ளச் சொன்னார். பேரத்தில் எதிராளி இவ்வளவு சீக்கிரம் படிந்தால் மற்றவர்கள் சந்தேகப்படுவார்கள். எங்கள் வீட்டில் பெருமைப்பட்டார்கள். "பேரம் பேசறதுல எந்தம்பிய அடிச்சுக்க ஆளு கெடயாது" என்று அம்மா பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

அடுத்தது பயிற்சி. பெங்களூரில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்கக் கேட்ட கட்டணம் ஓசூரில் மாமா தங்கியிருந்த அறையின் ஒரு மாத வாடகை. அதனால் வேலை முடிந்த சாயங்காலங்களில் அங்கே போய், பயிற்சி மைதானத்தின் கம்பி வேலிக்கு வெளியே நின்று இலவசமாகக் கற்றுக்கொண்டார். வேலியைப் பார்த்தபடி வரிசையாக நின்றுதான் எல்லோரும் பந்து அடித்தார்கள். அவர்கள் கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே தன் கையையும் ஓட்டி, கண்ணாடி பார்த்துத் தலை வாருகிற மாதிரி அவர்களைப் பார்த்துப் பார்த்துப் படித்திருக்கிறார். மூன்றாவது நாள் காவலாளி வந்து விரட்டிவிட்டார். அதற்குள் நிற்பது, குனிவது, ஓங்குவது எல்லாம் நோட்டில் படமாக ஏறிவிட்டன. ஆச்சரியம், மட்டைகளும் அந்தப் படங்களுக்குப் பொருத்தமாகவே இருந்தன. அந்தப் பக்கமாக நின்றால்தான் மட்டையின் தட்டையான முகம் பந்தைப் பார்த்தது.

வீட்டுக்குப் பின்னால் தக்காளிச் செடியைப் பிடுங்கிய அரை ஏக்கர் வெறுமனே கிடந்தது. அதுதான் எங்கள் மைதானம். இரண்டே பந்து இருந்ததால் அதைத் தொலைக்க மாமாவுக்கு மனமில்லை. அந்த மாதம் மண்டியில் தக்காளி விலை விழுந்து, பறிப்புக் கூலிக்கே கட்டாது என்று அப்பா கடைசிப் பறிப்பை ஓரமாகக் கொட்டிவைத்திருந்தார். மாமா செங்காயாகப் பொறுக்கி வரிசையாக வைத்து அடிக்கத் தொடங்கினார். பெரும்பாலும் மட்டை காற்றைத்தான் அடித்தது. தப்பித் தவறிப் பட்டபோது தக்காளி பறக்கவில்லை, தெறித்தது. கொடியில் காய்ந்த என் பள்ளிக்கூடச் சட்டையும் அம்மாவின் புடவையும் சிவந்து போயின. அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே பார்த்தார்.

"மச்சான், மண்டியில போட்டிருந்தாக்கூட அந்தத் தக்காளிக்கு இதவிட மருவாத கெடச்சிருக்கும்" என்றார்.

ஆறு மட்டைகளில் நீளமானதை அம்மா எடுத்து வைத்துக்கொண்டாள். தலை வளைந்திருந்ததால் முருங்கைக்காய் பறிக்க அது மிகவும் வசதியாக இருந்தது.

இங்கே என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பிறவியிலேயே இடக்கைக்காரி. எங்கள் வீட்டில் அது ஒரு வியாதி. சாப்பிட உட்கார்ந்தால் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அது வெளியே வந்தால் அம்மாவின் கரண்டி அதன்மேல் விழும். கோயிலில் மறந்துபோய் இடது கையைத் திருநீறுக்கு நீட்டியதற்காகச் சந்நிதியிலேயே அடி வாங்கியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கரண்டிக்குப் பதில் அடிக்குச்சி. "நாளைக்கு எவன் வூட்டுக்குப் போயி இந்தக் கையில சோறு போடப்போற?" என்று அம்மா அழாத குறையாகக் கேட்பாள். என் கல்யாணம் அந்தக் கையில்தான் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

முதல் வாரம் கடைசியில் மாமா துணிந்து நிஜப் பந்தை எடுத்து வைத்தார். பதினோரு முறை ஓங்கினார். பந்து அசையவில்லை. மட்டையைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். நான் எடுத்தேன். மட்டை என் நெஞ்சு உயரம் இருந்ததால் பாதியில் பிடித்துக்கொண்டேன். எந்தப் பக்கம் நிற்பது என்று யோசிக்கவே இல்லை. வீசினேன். 'டப்'பென்று ஒரு சத்தம். பந்து அரை ஏக்கரையும் தாண்டி, பக்கத்து மல்பெரித் தோட்டத்துக்குள் போய் விழுந்தது.

மாமா சொம்போடு நின்றார். "எப்டி பாப்பா அடிச்ச?"

"தெரியலைங்க மாமா. கை தானா போச்சு."

"எந்தக் கை?"

அடி விழப்போகிறது என்று இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவர் அதை இழுத்து, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மல்பெரித் தோட்டத்தில் ஒரு மணி நேரம் பந்தைத் தேடினோம். அது கிடைப்பதற்குள் தேங்காய் பன் பேசி முடிக்கப்பட்டு, நான் வேலையில் சேர்ந்துவிட்டேன்.

என் பயிற்சி கடுமையானது. இடது கைக்குப் பலம் வந்தால் எல்லாம் வரும் என்பது என் முடிவு. இடது கையால் பல் விளக்கச் சொன்னேன். சட்டைப் பொத்தான் போட, கிணற்றில் தண்ணீர் சேந்த, புளியமரத்தில் கல் எறிய எல்லாவற்றுக்கும் இடது கைதான். நாலு கோடு நோட்டில் இடது கையால் 'அ'னா எழுதப் போட்டேன். முப்பது வயது ஆள், நாக்கைத் துருத்திக்கொண்டு, கோட்டை விட்டு இறங்கி இறங்கி எழுதினார். வலது கை முன்னால் வந்தால் வேப்பங்குச்சியால் ஒரு தட்டுத் தட்டினேன். எங்கே தட்டினால் வலிக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு மத்தியானம் மாமா பழக்க தோஷத்தில் இடது கையால் களியைப் பிட்டுவிட்டார். அம்மாவின் கரண்டி தானாக மேலே எழுந்தது.

"அக்கா, ஜப்பான்" என்றார் மாமா.

கரண்டி அப்படியே நின்று, மெதுவாகக் கீழே இறங்கியது. இதுதான் சமயம் என்று நானும் தொடைக்கு அடியிலிருந்து என் கையை எடுத்தேன். இறங்கிய கரண்டி நேராக என்னிடம் வந்தது.

"மாமா மட்டும் சாப்புடறாரு?"

"அவனுக்கு அது உத்தியோகம். உனக்கு அது கொழுப்பு."

ஐந்தாவது வாரத்தில் மாமா பத்துக்கு மூன்று அடித்தார். எனக்கு அது போதவில்லை, அவருக்குப் போதும்போல இருந்தது. அம்மா அவருக்கும் பைக்கும் திருநீறு பூசி அனுப்பிவைத்தாள். முருங்கைக்காய் மட்டையும் அன்று ஒருநாள் விடுப்பில் சென்றது.

அன்று சாயங்காலம் மாமா ஒரு கிலோ மைசூர்பாகோடு வந்தார். நாங்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். நடந்ததை அவர் எழுந்து நின்று நடித்தே காட்டினார். அவர் இடது பக்கமாக நின்றதும் மேனேஜர் ஆடுவதை நிறுத்திவிட்டாராம். உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்தக் கை உண்டா என்று கேட்டாராம். அக்கா மகளுக்கு உண்டு என்றதும், தொப்பியைக் கழற்றிவிட்டாராம்.

"ஜப்பான்ல இடது கைக் கொழந்தைன்னா வூட்டுக்கே ராசியாம் அக்கா. அந்தக் கைய யாரும் தொடக்கூட மாட்டாங்களாம். அடிச்சா மூளை கலங்கிடுமாம்."

"நெஜமாவாடா?"

"மேனேஜரே சொன்னாருக்கா."

அம்மா என் கையைப் பார்த்தாள். பயந்துபோன பார்வை. அன்றிலிருந்து கரண்டி குழம்பு ஊற்ற மட்டுமே பயன்பட்டது. அடுத்த வாரம் அவள் பள்ளிக்கூடத்துக்கே போய், "எம்பொண்ணு கைய அடிக்காதீங்க டீச்சர், மூளை கலங்கிடுமாம், ஜப்பான்காரரே சொல்லிட்டாரு" என்று சொல்லிவிட்டு வந்தாள். டீச்சருக்கு ஜப்பானோடு சண்டை போடத் தெம்பில்லை. நான் இடது கையாலேயே எழுதி, பத்தாவது முடித்து, காலேஜ் முடித்து, மாமா இருக்கும் அதே ஓசூரில் வேறொரு கம்பெனியில் வேலைக்கும் சேர்ந்தேன். கல்யாணமும் எந்தச் சிக்கலும் இல்லாமல் நடந்தது.

போன வருடம் எங்கள் கம்பெனிக்கு ஜப்பானிலிருந்து வயதான இன்ஜினியர் ஒருவர் வந்திருந்தார். நான் இடது கையால் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துச் சிரித்தார். தானும் இடக்கைக்காரராகத்தான் பிறந்தாராம். அவருடைய அம்மா அடித்து அடித்து மாற்றிவிட்டாராம். உங்கள் ஊரில் இடது கை ராசி அல்லவா, அதை யாரும் அடிக்க மாட்டீர்களே என்று நான் கேட்டதும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் காலத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான், பந்தியில் பக்கத்து ஆள் கையில் இடிக்கும் அல்லவா என்றார்.

உடனே வெளியே வந்து மாமாவுக்குப் போன் போட்டேன். அவர் வெகுநேரம் சிரித்தார். அப்புறம் சொன்னார். அன்று மைதானத்தில் மட்டைப் பையைத் தூக்கிவர வந்த பையன், "சார், இது இடது கை செட்டாச்சே, நீங்க லெஃப்ட்டா?" என்று கேட்டிருக்கிறான். மாமா சுற்றிலும் பார்த்திருக்கிறார். அத்தனை பேரும் அந்தப் பக்கம் திரும்பி நிற்க, அவர் ஒருவர் மட்டும் இந்தப் பக்கம். கம்பி வேலியும், மறுபேச்சு பேசாத பழைய சாமான்காரரும் அந்த நொடியில்தான் அவருக்கு விளங்கினார்கள். ஆமாம், லெஃப்ட்தான் என்று சொல்லிவிட்டு அடித்தார். முதல் அடியில் புல் பெயர்ந்தது. இரண்டாவதில் இன்னும் கொஞ்சம் புல். மூன்றாவது பந்து குளத்துக்குள் போனது. மேனேஜர் தோளைத் தட்டி, குழியில் நட்டிருந்த கொடியைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்துவிட்டார். மத்தியானம் வரைக்கும் மாமா கொடி பிடித்துக்கொண்டு நின்றார். மேனேஜர் அப்புறம் அவரிடம் பேசவே இல்லை.

"அப்ப மைசூர்பாகு?"

"வெறுங்கையோட எப்டி வர்றது? பஸ்ல நாலு மணி நேரம் யோசிச்சுகிட்டே வந்தேன் பாப்பா. அஞ்சு வாரம் வராத கையில பல்லு வெளக்கி, எழுதி, உங்கிட்ட குச்சியில அடியும் வாங்குனேன்ல? உன் கஷ்டம் எனக்கு அப்பதான் தெரிஞ்சுது. ஜப்பான்தான் போச்சு, உங்கம்மா கரண்டியாவது நிக்கட்டுமேன்னு தோணுச்சு."

சிரித்தேன், அழுகையும் வந்தது.

மாமா அதற்கப்புறமும் ஜப்பான் போகவில்லை. பெங்களூர்க்காரரைத்தான் அனுப்புகிறார்கள் என்ற செய்தி இரண்டு வாரம் கழித்து வந்தது. அதை அவர் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்ன சாயங்காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்குக் கோபம் பொங்கியது. மேனேஜரே தொப்பியைக் கழற்றிய கை எப்படித் தோற்கும்? சொல்லிக்கொடுத்ததில் குறை இருக்க முடியாது. ஆகவே குறை மாணவரிடம்தான்.

"நான் சொன்ன மாதிரி கால அகட்டி நின்னிருக்க மாட்டீங்க" என்றேன்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா பாப்பா, மறந்துட்டேன்."

இரண்டு வாரம் அவரோடு நான் பேசவில்லை. மூன்றாவது வாரம் போனால் போகிறது என்று, நானாகவே அவரை மன்னித்துவிட்டேன்.