தூங்கினவருக்குப் பால் ஊற்றினார்கள்

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு, திண்டிவனத்துக்கு ஒரு சாவுக்குப் போனேன். போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில், செத்தவர் கண்ணைத் திறந்து காபி கேட்டார்!

சிரிக்காதீர்கள். அவர் என் மாமனார்.

மாமாவுக்குக் கல்லீரலில் கேன்சர். மெட்ராஸில் பெரிய டாக்டர்கள் பார்த்துவிட்டு, “இனிமே செய்றதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றுமில்லையா? வலி இருக்கிறதே சார், அதுக்கு? நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த ‘ஒண்ணுமில்ல’யைக் கையில் எடுத்துக்கொண்டவர் விமலா சிஸ்டர். விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து பஸ் பிடித்து வந்து மாமாவைப் பார்ப்பார். புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பார், வாயைத் துடைத்துவிடுவார், எங்கே வலிக்கிறது என்று உட்கார்ந்து கேட்பார். ஆனால் மருந்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டுமென்றால் மட்டும் திரும்ப விழுப்புரம் போய், டாக்டரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். வலி அதுவரைக்கும் வாசலில் காத்திருக்குமா?

வெளிநாட்டில் இதற்கென்றே தனியாகப் படித்த நர்ஸ்கள் இருக்கிறார்களாம். வலிக்கு எவ்வளவு மருந்து என்று டாக்டரோடு சரிக்குச் சரி உட்கார்ந்து பேசுவார்களாம். நம் ஊரில்? “நர்ஸுதானே... ஊசி போட்டுட்டுப் போவட்டும்!”

இப்படிச் சொன்னவர் மாமாவின் அக்கா. கண்டாச்சிபுரத்திலிருந்து வந்து வீட்டையே கையில் எடுத்துக்கொண்டவர். அவர் போட்ட சட்டம் இரண்டு. ஒன்று, மாமாவிடம் வயிற்றுப் புண் என்றுதான் சொல்ல வேண்டும். சிஸ்டருக்கும் அதே உத்தரவு. இன்னொன்று, வலித்தால்தான் மருந்து.

“சும்மா சும்மா குடுத்தா பழகிடும்” என்பார்.

பழகினால் என்ன அம்மா? சாகப்போகிறவர் பழகிக்கொண்டு எந்த ஊருக்குப் போய்க் கெட்டுப்போகப் போகிறார்? தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

சனிக்கிழமை சிஸ்டர் ஒருவழியாகக் கையெழுத்தோடு வந்தார். வலி வருவதற்கு முன்னாலேயே, நேரத்துக்கு நேரம் கொடுத்தே ஆக வேண்டும் என்று என் மாமியாரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். மாமியாரும் கொடுத்தார். வாரக்கணக்கில் தூங்காத மனிதர் அடித்துப் போட்டாற்போல் தூங்கினார்.

அதுதான் வினை. காலையில் அக்கா வந்து பார்த்தார். வாய் திறந்திருக்கிறது, கண் பாதி செருகியிருக்கிறது, முனகல் இல்லை. முனகல் இல்லையென்றால் முடிந்தது என்றுதானே அர்த்தம்? எனக்கு ட்ரங்க் கால். சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஆள். நான் போனபோது பூமாலைகூட வந்துவிட்டது. கட்டிலைச் சுற்றி நின்று ஒவ்வொருவராக வாயில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு ஸ்பூனைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்... வேறென்ன செய்ய?

அப்போதுதான் சிஸ்டர் உள்ளே வந்தார்.

“நிறுத்துங்க! தூங்குறாரும்மா! புரையேறினா நீங்களே கொன்னுடுவீங்க!”

மாமாவின் தலையை ஒருக்களித்து வாயைத் துடைத்துவிட்டார். மாமா இருமினார். கண்ணைத் திறந்தார். காபி கேட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார்.

“இன்னா இது, எல்லாரும் வந்துக்கினு இருக்கீங்க? யாரு செத்தது?”

அக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டார். நான் ஸ்பூனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மாமா சிஸ்டரைப் பார்த்தார்.

“நீ சொல்லும்மா. எனக்குத்தானா?”

சிஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆமாங்க ஐயா. இன்னைக்கு இல்ல. ஆனா நோவு சரியாவாது. வலி இல்லாம நான் பாத்துக்கறேன்.”

மாமா தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம், “இதச் சொல்ல இத்தினி பேர்ல ஒரு ஆளு இல்ல, பாரு” என்றார்.

அன்று சாயங்காலம் வரை மாமா பேசினார். கழனியை யார் பார்ப்பது, எந்த மகள் வீட்டில் மாமியார் இருப்பது... எல்லாம் தெளிவாக. வலி இருந்தால் பேசியிருக்க முடியுமா?

சரி, எல்லோரும் சிஸ்டருக்கு நன்றி சொல்லியிருப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்? மறுநாளே அக்கா ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பிப் புகார் சொல்லிவிட்டார். டாக்டர் சொல்ல வேண்டியதை நர்ஸ் சொல்லலாமா? ஆஸ்பத்திரியும், “இனிமே நீ அங்க போவாத, நேரம் கெடைச்சா டாக்டர் வருவார்” என்று சிஸ்டரை நிறுத்திவிட்டது. டாக்டருக்கு எங்கே நேரம் கிடைக்கிறது?

மருந்து பழையபடி அக்காவின் கைக்குப் போனது. வலி வந்தது. வந்த பிறகு கொடுத்த மருந்து எந்த மூலைக்கு? மாமா சோறு வேண்டாம், கஞ்சி வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார். திறந்தது கத்துவதற்குத்தான். கடைசியில் தம்பி கத்துவதைத் தாங்க முடியாமல் அக்காவே விழுப்புரம் பஸ் ஏறினார். ஆஸ்பத்திரியில் போய் நின்று, “டாக்டரு வோணாம்மா. அந்த நர்ஸம்மாவ அனுப்புங்க” என்று அழுதிருக்கிறார்.

சிஸ்டர் வந்துவிட்டார். மாமா தூங்குகிறார். இப்போது யாரும் பாலைக் காய்ச்சுவதில்லை.

அக்காவுக்குப் புத்தி வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதற்கு மாமா ரெண்டு நாள் கத்த வேண்டியிருந்தது... தெருக்கோடி வரைக்கும் கேட்டதாம்.