பார்வையாளர் புத்தகத்தில் என் கையெழுத்து

நன்னிலம் பக்கத்து அரசுப் பள்ளியில், மாற்றுத்திறன் பிள்ளைகள் வகுப்புக்கு நான் உதவியாளர். சோறு ஊட்டுவது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது, வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். ஆனால் அப்படி ஒரு வேலையே காகிதத்தில் கிடையாது. ஆசிரியர்கள் பதிவேட்டில் பேர் இல்லாததால், ஆறு வருஷமாகப் பார்வையாளர் புத்தகத்தில்தான் கையெழுத்து. 'வந்த காரணம்' என்ற இடத்தில் தினமும் 'சோறு ஊட்ட' என்று எழுதுவேன். ஏப்ரலோடு அனுப்பிவிடுவார்கள், ஜூனில் கூப்பிட்டால் உண்டு.

அந்த வருஷம் எங்கள் குத்தகை நிலம் கேஸில் மாட்டி, வயலில் கால் வைக்கக் கூடாது என்றாகிவிட்டது. இந்த வேலையும் போனால் என்ன செய்வது என்று, மாரியம்மனுக்கு விளக்கேற்றும்போதெல்லாம் அவளையே கேட்பேன்.

மார்ச்சில் ஒரு நாள் அதிகாரி வருகிறார் என்றார்கள். தலைமையாசிரியை என்னைச் சத்துணவுக் கூடத்துக்குள் தள்ளினார்.

"அக்கா, அவர் போற வரைக்கும் தலை காட்டாதீங்க. ஆர்டர் இல்லாம யாரு வச்சதுன்னு கேட்டா, நாளையிலேருந்து நீங்களும் இல்ல, நானும் இல்ல."

சமையல்காரம்மா சிரித்தாள். "வாங்க, அரிசி மூட்டைக்குப் பின்னால உக்காருங்க. கேட்டா இன்னொரு மூட்டைன்னு சொல்லிடறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாயே தாயே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அந்த இருமல் கேட்டது. வகுப்பில் ஒரு பெண்பிள்ளைக்கு எதையும் மசித்துத்தான் கொடுக்க வேண்டும். அவள் இருமல் எனக்குத் தெரியும். சட்டென்று அது நின்றுபோனது. நின்றதுதான் என்னை உலுக்கியது.

ஓடினேன். அதிகாரி ஆசையாகக் கொடுத்த லட்டு. பிள்ளைக்கு முகமெல்லாம் நீலம். குனியவைத்து முதுகில் தட்டினேன். நாலாவது தட்டில் வெளியே விழுந்தது. பிள்ளை வீறிட்டு அழுதாள்.

"நீங்க யாரும்மா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "உதவிக்கு இருக்கேங்க சார்."

"ஆர்டர்?"

"இல்லீங்க."

கிளம்பும்போது பார்வையாளர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். மேல் வரியில் நான். பக்கங்களைப் பின்னால் புரட்டினார். எல்லாவற்றிலும் நான். "தினமும் ஒரே பார்வையாளர்தானா?" என்றார். டைரியில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மே மாதம் முழுக்கத் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே, வேலை இல்லை என்ற கடிதமோ என்று வாசலுக்கு ஓடுவேன்.

ஜூனில் கூப்பிட்டார்கள். தலைமையாசிரியை ஆசிரியர்கள் பதிவேட்டையே திறந்து நீட்டினார். கடைசி வரியில் என் பேர், பென்சிலில்.

"அந்த அதிகாரி உங்களுக்கு ஆர்டர் போடச் சொல்லி எழுதி அனுப்பியிருக்காராம். ஆர்டர் வரட்டும் அக்கா, பேனாவால எழுதிடறேன்."

அதற்குப் பிறகும் எத்தனையோ ஜூன் வந்துவிட்டது. இன்னும் பென்சில்தான். காலையில் சாமி கும்பிட்டுவிட்டுப் போய்ப் பதிவேட்டைத் திறந்ததும், பேர் இருக்கிறதா என்று முதலில் கடைசி வரியைத்தான் பார்க்கிறேன்.