தெரியாது என்று சொன்ன ஊழியக்காரர்

சங்கு குளிக்கப் போன என் கணவர் கடலில் காணாமல் போய் மூன்று நாளாகியிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "வந்துருவாரு" என்றே சொன்னார்கள்.

அன்று, வீடு வீடாகப் போய்ப் போதிக்கும் மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியக்காரத் தம்பியும் கூட்டாளியோடு வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம், இருபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, டை, வியர்வையில் நனைந்த கழுத்து. வாரந்தோறும் வருவார், நான் கதவைச் சாத்துவேன்.

அன்று சாத்தவில்லை. "ஒம்ம சாமிட்ட கேட்டுச் சொல்லும் தம்பி, அவரு வருவாரா?" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

அவர் அழுதுவிட்டார். "தெரியலீங்கக்கா. எங்கம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க. சபை விதிப்படி வாரத்துல ஒருநாள்தான் வீட்டுக்குப் போன் பேசறேன். தெனமும் ஜெபிக்கறேன், எனக்கே பதில் வரலீங்க."

மறுநாள் உடல் கரை ஒதுங்கியது. ஆறுதல் சொன்னவர்கள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அந்தத் தம்பியைத் தேடினேன். சபையில் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். அவருடைய அம்மா பிழைத்தாரா என்று இன்னமும் நினைத்துக்கொள்கிறேன்.